கடலோர ஃபிளாட்டுக்கு எலக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கர் ஒத்துவருமா?

பெசன்ட் நகரிலிருந்து ஒரு வாசகர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வயது 62. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவரோடு வேலை பார்த்த ஒருவர், மகளோடு இருப்பதற்காக மெல்போர்னுக்குக் குடிபெயர்கிறார். அவரிடம் குவாட் நிறுவனத்தின் இஎஸ்எல்-63 என்ற மாடல் எலக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கர் ஒரு ஜோடி இருக்கிறது. வயது ஏறக்குறைய முப்பத்தைந்து. ஒன்றரை லட்சத்துக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். நம் வாசகர் ஒரு சாயங்காலம் மனைவியோடு அவருடைய அண்ணா நகர் வீட்டுக்குப் போய்க் கேட்டிருக்கிறார். "நாற்பது வருஷமாகக் கேட்கும் வீணைப் பதிவு சார். அதில் பின்னால் தம்புரா ஓடுகிறது என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. ராத்திரி தூக்கம் வரவில்லை" என்று எழுதுகிறார்.

அவருடைய ஹால் 12 அடி அகலம், 18 அடி நீளம். நான்காவது மாடி. பால்கனிக் கதவைத் திறந்தால் கடல்காற்று. டிவி இருக்கும் சுவரில் இரண்டு பக்கமும் ஸ்பீக்கரை ஒட்டி வைக்கலாம், அல்லது படம் மாட்டுவதுபோல் சுவரிலேயே மாட்டிவிடலாம் என்பது அவர் திட்டம். டிவிக்கும் பாட்டுக்கும் சேர்த்து ஆம்ப்ளிஃபையராக ஐந்து வருடமாக ஓடும் ஏவி ரிசீவர் ஒன்று வைத்திருக்கிறார். பெட்டியில் 100 வாட் என்று போட்டிருக்கிறதாம். வீட்டில் மூன்று வயதுப் பேரன். மனைவிக்குப் பெரிய ஆர்வமில்லை. "அந்த வீட்டு அம்மாவோடு சாப்பாட்டு மேஜைப் பக்கம் போய் உட்கார்ந்ததும் பாட்டே காணாமல் போய்விட்டது" என்கிறாராம். இவர் அதை நம்பவில்லை. கீழ்ஸ்தாயி ஒலிக்கென்றே உள்ள சப்வூஃபர் ஸ்பீக்கர் ஒன்று வாங்கிச் சேர்த்தால் எல்லாம் சரியாகிவிடும், கூம்பும் பெட்டியும் இல்லாத ஸ்பீக்கரில் தேய்வதற்கு எதுவுமில்லை என்பதால் வயதைப் பற்றியும் கவலை வேண்டாம் என்று தானாகவே முடிவு செய்துவிட்டு, "சரிதானே?" என்று என்னைக் கேட்கிறார்.

அன்புள்ள சார்,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு உங்கள் காது ஏமாறவில்லை. எலக்ட்ரோஸ்டாட்டிக்கில் முதல் தடவை தம்புரா கேட்ட யாரும் இப்படித்தான் பேசுவார்கள், நானும் பேசியிருக்கிறேன். சாதாரண ஸ்பீக்கரில் ஒரு காகிதக் கூம்பை, அதன் நடுவில் ஒட்டிய கம்பிச் சுருள் தள்ளுகிறது. கூம்புக்கு எடை உண்டு. தள்ளினால் கொஞ்சம் தாமதித்துத்தான் கிளம்பும், நிறுத்தினாலும் உடனே நிற்காது. உங்கள் நண்பர் வீட்டில் இருப்பது வேறு ஜாதி. துளையிட்ட இரண்டு தகடுகளுக்கு நடுவில், தலைமுடியை விடப் பல மடங்கு மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒன்று இழுத்துக் கட்டியிருக்கும். அந்தப் படலத்தில் எப்போதும் ஐயாயிரம் வோல்ட்டுக்கு மேல் மின்னழுத்தம் நிற்கும். பாட்டின் சிக்னலை டிரான்ஸ்ஃபார்மர் வழியாகப் பல மடங்கு உயர்த்தி இரண்டு தகடுகளுக்கும் எதிரெதிராகக் கொடுப்பார்கள். ஒரு தகடு இழுக்கும், மற்றது தள்ளும். படலம் முழுவதும் ஒரே சமயத்தில் அசையும். அதற்கு எடை என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. தம்புராவின் ஜீவாளி நூல் எழுப்பும் அந்த மெல்லிய ரீங்காரம் இதில் கலங்காமல் வருவதற்குக் காரணம் அதுதான்.

ஆனால் நீங்கள் அன்று கேட்டது ஸ்பீக்கரை மட்டுமல்ல, அந்த அறையையும் சேர்த்துத்தான். உங்கள் கடிதத்திலேயே ஒரு வரி இருக்கிறது: "ஸ்பீக்கரை ஹாலின் நடுவில் நிறுத்தியிருந்தார், அதுதான் கொஞ்சம் அசிங்கமாக இருந்தது." அந்த அசிங்கத்தில்தான் சார் பாதி சங்கீதம் இருக்கிறது.

முதுகுப் பக்கம் போகும் ஒலி

பெட்டி ஸ்பீக்கரில் கூம்பின் பின்பக்க ஒலியைப் பெட்டி விழுங்கிவிடும், அல்லது ஒரு துளை வழியாகக் கணக்குப் பார்த்து வெளியே விடும். எலக்ட்ரோஸ்டாட்டிக்குக்குப் பெட்டி கிடையாது. முன்னால் எவ்வளவு ஒலி போகிறதோ, அதே அளவு பின்னாலும் போகும், தலைகீழாக. முன்பக்கம் காற்றைத் தள்ளும் நொடியில் பின்பக்கம் இழுத்துக்கொண்டிருக்கும்.

இதைச் சுவரிலிருந்து ஓரடியில் வைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பின்னால் போன ஒலி சுவரில் பட்டுத் திரும்ப, போக முப்பது சென்டிமீட்டர், வர முப்பது. இரண்டு மில்லி செகண்டுகூட ஆகாது. இவ்வளவு சீக்கிரம் வரும் எதிரொலியைக் காது தனியாகப் பிரித்து அறியாது. நேரே வந்த ஒலியோடு கலந்துவிடும். சில சுரங்கள் வீங்கும், சில சுரங்கள் அமுங்கும். அந்த 60 சென்டிமீட்டர் கணக்குப்படி சுமார் 570 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில் ஒரு பள்ளம் விழும். ஐந்து கட்டை சுருதியில் பாடும் பெண்குரலுக்குத் தார ஸ்தாயி பஞ்சமம் ஏறக்குறைய அங்கேதான் இருக்கிறது. உச்சத்துக்குப் போய் நிற்கும் இடத்தில் குரல் மெலிந்துபோனால் என்ன பிரயோஜனம்?

ஒரு மீட்டர் தள்ளி வைத்தால் அதே எதிரொலி ஆறு மில்லி செகண்டுக்குப் பக்கத்தில் வரும். அப்போது காது அதைக் கூடத்தின் ஒலியாக எடுத்துக்கொள்ளும். ஸ்பீக்கருக்குப் பின்னால் ஒரு மேடை இருப்பதுபோன்ற ஆழம் கிடைப்பது இதனால்தான். ஆக, சுவரில் மாட்டும் யோசனையை இப்போதே விட்டுவிடுங்கள். ஒரு மீட்டர் என்பது குறைந்தபட்சம். இன்னும் அரை மீட்டர் தந்தால் நல்லது. இஎஸ்எல்-63 ஒவ்வொன்றும் 66 சென்டிமீட்டர் அகலம், 92 சென்டிமீட்டர் உயரம், 27 சென்டிமீட்டர் ஆழம். சுவரிலிருந்து ஒரு மீட்டர் விட்டு நிறுத்தினால் முன்பக்கம் நாலேகால் அடியில் வந்து நிற்கும். உங்கள் 18 அடியில் நாலில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. சோபாவையும் எதிர்ச் சுவரோடு ஒட்டிப் போட முடியாது, இரண்டு மூன்று அடியாவது முன்னால் இழுக்க வேண்டும். மிச்சமிருக்கும் இடத்தில்தான் நீங்கள் எல்லோரும் நடமாட வேண்டும், பால்கனிக்குத் துணி காயப்போடப் போகிறவர் உட்பட.

வீட்டம்மா சொன்னது சரி

சாப்பாட்டு மேஜையிலிருந்து பாட்டுக் கேட்கவில்லை என்று உங்கள் மனைவி சொன்னதை நீங்கள் நம்பவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மன்னிப்புக் கேட்டுவிடுங்கள் சார். அன்று அந்த வீட்டில் இரண்டு பேரும் சரியாகத்தான் கேட்டிருக்கிறீர்கள், உட்கார்ந்த இடம்தான் வேறு.

முன்னொலியும் பின்னொலியும் ஒன்றுக்கொன்று தலைகீழ் என்றேன் அல்லவா? ஸ்பீக்கரின் பக்கவாட்டில், அதாவது பலகையின் விளிம்பு நேரே தெரியும் இடத்தில், இரண்டும் சம அளவில் வந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மேலிருந்து பார்த்தால் ஒலி பரவுவது எட்டு வடிவத்தில் இருக்கும். எட்டின் இடுப்பில் இருப்பவருக்குக் கொஞ்சம்தான் கேட்கும். நண்பர் வீட்டு மேஜை அந்த இடுப்பில் இருந்திருக்கும். உங்கள் வீட்டு வரைபடத்தைப் பார்த்தால் உங்கள் மேஜையும் அங்கேதான் இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. பலகை அகலமாக இருக்க இருக்க, மேல்ஸ்தாயி ஒலி டார்ச் லைட் மாதிரி நேராகவே போகும். 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் மூன்றரை சென்டிமீட்டர்கூட இல்லை. இரண்டடி அகலப் பலகையிலிருந்து கிளம்பினால் அது பக்கத்தில் திரும்பவே திரும்பாது. நீங்கள் வாங்கப்போகும் மாடலின் பெருமையே இந்தப் பிரச்சினையை முடிந்த மட்டும் அவிழ்த்ததுதான். குவாட் நிறுவனத்தைத் தொடங்கிய பீட்டர் வாக்கர் 1963-இல் அந்த வேலையை ஆரம்பித்தார். பெயரில் உள்ள எண் அதிலிருந்து வந்தது. கடைக்கு வந்ததோ 1981-இல். படலத்துக்கு முன்னும் பின்னும் உள்ள தகடுகளை ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்களாகப் பிரித்து, நடு வளையத்துக்கு சிக்னல் முதலிலும் வெளி வளையங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தாமதித்தும் போகும்படி செய்தார். குளத்தில் கல் போட்டால் வட்டம் விரிகிறதே, அந்த மாதிரி. ஸ்பீக்கருக்கு ஓரடி பின்னால் ஒரு புள்ளியிலிருந்து ஒலி வருவதுபோல் காதுக்குத் தோன்றும். மனதில் பட்டதைச் சொன்னால், அந்தக் காலத்தில் இதைவிட அழகான யோசனை ஸ்பீக்கர் உலகில் வந்ததாக எனக்குத் தெரியவில்லை.

இருந்தாலும், இடுப்பில் இருப்பவருக்கு இது ஒன்றும் செய்யாது. இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில், சரியான தூரத்தில், ஒரு நாற்காலி. அங்கே இருப்பவருக்குத்தான் முழுக் கச்சேரி. இரண்டடி நகர்ந்தால் எல்லாமே பக்கத்திலிருக்கும் ஸ்பீக்கரில் போய் ஒட்டிக்கொள்ளும். காலையில் சமையலறையில் காபி போட்டுக்கொண்டே சுப்ரபாதம் கேட்கும் வீட்டுக்கு இது சரிப்படாது. தனியாக உட்கார்ந்து, கண்ணை மூடி, ஒரு ராக ஆலாபனையை முழுசாகக் கேட்கிற ஒரு மனிதருக்கு இது சரி. உங்கள் வீட்டில் அந்த மனிதர் நீங்கள் ஒருவர்தான். ஹால் எல்லோருக்கும் பொது.

கடல்

உங்கள் கடிதத்தில் எனக்கு நிஜமாகவே கவலை தந்த வார்த்தை 'கடல்காற்று'.

ரொம்ப வருடத்துக்கு முன்னால், மயிலாப்பூரில் குடியிருந்தபோது, நானும் ஒரு பழைய எலக்ட்ரோஸ்டாட்டிக் ஜோடி வாங்கினேன். விற்றவர் "ஒன்றும் ஆகாது" என்று சத்தியம் செய்தார். ஐப்பசி மழை பிடித்த மூன்றாவது நாள் இடது பக்கம் மெல்ல மெல்ல அமுங்க ஆரம்பித்தது. ஆம்ப்ளிஃபையரைச் சந்தேகப்பட்டு அதைப் பிரித்து மேய்ந்தேன். வயரை மாற்றினேன். ராத்திரி பதினோரு மணிக்குப் பாட்டை நிறுத்திவிட்டுப் பலகைக்கு அருகில் காதை வைத்தால், அடுப்பில் கடுகு வெடிக்கிற மாதிரி டிக், டிக் என்று ஒரு சத்தம். தூசித் திரை ஓரத்தில் கிழிந்து உள்ளே சின்னப் பூச்சிகள் போயிருந்தன. ஈரமும் உப்பும் சேர்ந்து மின்சாரம் கசிய வழி போட்டிருந்தது.

நடப்பது இதுதான். படலத்தில் நிற்கும் அந்த ஐயாயிரம் வோல்ட்டை ஊட்டும் சர்க்யூட் மிக மிகக் குறைந்த மின்னோட்டம் மட்டுமே தரும்படி கட்டப்பட்டது. வறண்ட காற்றில் அது போதும், மின்னேற்றம் அப்படியே நிற்கும். ஈரக் காற்றில், உப்பும் தூசியும் படிந்த பரப்பு வழியாக அது கசியும். கசிவு அதிகமானால் மின்னழுத்தம் இறங்கும், அதோடு சத்தமும் இறங்கும். சில இடத்தில் பொறி தட்டும். அடிக்கடி தட்டினால் படலம் ஓட்டையாகும். தூசியை நாம் கூப்பிட வேண்டியதே இல்லை. மின்னேற்றம் உள்ள பொருள் தானாகவே தூசியை இழுக்கும். பழைய குழல் டிவியின் கண்ணாடியைத் துடைத்தவர்களுக்குத் தெரியும்.

சென்னையில் வருடம் முழுவதும் ஈரம்தான். உங்கள் வீட்டில் உப்பும் சேர்த்தி. பால்கனியின் இரும்புக் கம்பி எத்தனை வருடத்தில் துருப்பிடித்தது என்று பாருங்கள், அதுதான் உங்கள் வீட்டுக் காற்றின் கணக்கு. இதை வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் கதவை மூடி, தினமும் ஏசி ஓடும் அறை வேண்டும். அதுவும் அரைகுறையாகக் கூடாது. ஏசியில் குளிர்ந்த ஸ்பீக்கர் மேல், கதவைத் திறந்ததும் வெளிக்காற்று பட்டால் கூல்டிரிங்க்ஸ் பாட்டில் மாதிரி வேர்த்துவிடும். வெயிலும் நேராகப் படக்கூடாது. படலத்தின் இழுவை தளர்ந்துவிடும்.

இங்கேதான் "தேய எதுவுமில்லை" என்ற உங்கள் கணக்கும் தப்புகிறது. கூம்பின் ஓரத்து ஃபோம் உதிர்வது இதில் இல்லை, உண்மை. ஆனால் பலகைகளைச் சேர்த்துப் பிடிக்கும் பசை வயதாகி விடுபடும், படலத்தின் மேல் பூசிய பூச்சு மங்கும், தூசித் திரை கிழியும், உயர் மின்னழுத்த சர்க்யூட்டின் டயோடும், மின்னேற்றத்தைத் தேக்கிவைக்கும் கெப்பாசிட்டரும் சோர்ந்துபோகும். ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் நான்கு பலகைகள். அதைப் பிரித்துப் புதிதாகக் கட்டுவது தெருமுனை ரேடியோ கடையில் ஆகிற வேலை இல்லை. இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் இதையே தொழிலாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். போக வரக் கப்பல் கூலியையும் சுங்கத்தையும் கூட்டிப் பாருங்கள். தனிநபரிடம் வாங்குவதால் வாரண்ட்டியும் கிடையாது.

ரிசீவர், சப்வூஃபர், தவில்

உங்கள் ஏவி ரிசீவர் உயிரோடு இருக்கும், ஆனால் சந்தோஷமாக இருக்காது. எலக்ட்ரோஸ்டாட்டிக் அடிப்படையில் ஒரு கெப்பாசிட்டர். ஒலியின் அதிர்வெண் ஏற ஏற அதன் தடை இறங்கிக்கொண்டே போகும். 8 ஓம் என்று பின்னால் எழுதியிருப்பது சராசரியை ஒட்டிய ஒரு பேச்சு. படலத்தோடு கூம்பும் சேர்ந்து வரும் புதிய ஹைபிரிட் மாடல்கள் சிலவற்றில் 20,000 ஹெர்ட்ஸில் ஓர் ஓமுக்கும் கீழே போய்விடும். இஎஸ்எல்-63 இந்த விஷயத்தில் கொஞ்சம் இரக்கமுள்ளது, என்றாலும் இதற்கு வேண்டியது பெட்டியில் போட்ட வாட் எண் அல்ல. குறைந்த ஓமிலும், கெப்பாசிட்டர் சுமையிலும் தடுமாறாத நல்ல ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர். அளவுக்கு மீறிய சக்தியும் ஆகாது. இந்த மாடல் 40 வோல்ட் உச்சம் வரைதான் தெளிவாக ஒலிக்கும். 8 ஓமில் 100 வாட் ஆம்ப்ளிஃபையர் தருவது ஏறக்குறைய அவ்வளவுதான். அதற்கு மேல் ஏற்றி, உள்ளே பொறி தட்டினால், பாதுகாப்பு சர்க்யூட் உள்ளீட்டையே ஷார்ட் செய்துவிடும். ஸ்பீக்கர் பிழைக்கும், ஆம்ப்ளிஃபையர் பாடு அதன் தலைவிதி.

சத்தத்தின் எல்லையும் அதிலேயே இருக்கிறது. 2.83 வோல்ட் கொடுத்தால் ஒரு மீட்டரில் 86 டெசிபல். 40 வோல்ட் உச்சம் வரை போனால் அதற்கு மேல் 20 டெசிபல் கிடைக்கும், அவ்வளவுதான். வீணை, புல்லாங்குழல், வாய்ப்பாட்டு எல்லாவற்றுக்கும் தாராளம். ஆனால் உங்கள் பட்டியலில் கோயில் நாகஸ்வரக் கச்சேரிகள் நிறைய இருக்கின்றன. தவில்காரர் தனி ஆவர்த்தனத்தில் இறங்கும்போது, நெஞ்சில் வந்து இடிக்க வேண்டிய அந்த அடி இதில் அழகாகக் கேட்கும். இடிக்காது.

சப்வூஃபர் சேர்த்தால் போதும் என்கிறீர்கள். சேர்க்கலாம், ஆனால் பக்கத்து மேஜைக்குப் பாட்டுக் கேட்காததை அது சரிசெய்யாது, சுவர்ப் பிரச்சினையையும் தீர்க்காது. கீழ்ஸ்தாயிக்கு மட்டும்தான் அது. அதிலும் சிக்கல் உண்டு: பெட்டி சப்வூஃபர் எல்லாத் திசையிலும் ஊதி அறையைக் கிளப்பிவிடும், பலகை அப்படிச் செய்யாது. மிருதங்கத்தின் வலது முகமான வலந்தலை ஒரு ஸ்பீக்கரிலும், ஆழ்ந்து ஒலிக்கும் இடது முகமான தொப்பி வேறொரு ஸ்பீக்கரிலும் வருவது காதுக்குத் தெரிந்துவிடும். ஃபின்லாந்தின் கிரேடியன்ட் என்ற நிறுவனம் இந்த ஜோடிக்காகவே முன்னும் பின்னும் ஒலிக்கும் சப்வூஃபரைச் செய்தது என்றால், பிரச்சினை எவ்வளவு பழையது என்று பார்த்துக்கொள்ளுங்கள். மார்ட்டின்லோகன் போன்றவர்களின் ஹைபிரிட் மாடல்களில் வளைந்த பலகைக்குக் கீழே கூம்பு வூஃபரும் சேர்ந்தே வரும். அவற்றில் அடி நன்றாக இருக்கும், வளைவினால் இருக்கையும் கொஞ்சம் அகலமாகும். படலத்திலிருந்து கூம்புக்கு ஒலி கைமாறும் தையல் மட்டும் எனக்கு எப்போதும் உறுத்தும். அது பெரும்பாலும் குரலின் வட்டாரத்திலேயே வருவதுதான் காரணம்.

பேரன்

உள்ளே உயர் மின்னழுத்தம் இருப்பதால் வீட்டில் ஏதாவது கதிர்வீச்சு வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். வராது. நிற்கும் மின்னேற்றம் கதிராகப் பாயாது. பயப்பட வேண்டியது வேறு. படலத்துக்குப் போகும் மின்னோட்டம் மிகச் சிறியது என்றாலும், பாட்டு ஓடும்போது டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தகடுகளுக்குப் போகும் மின்சாரம் அப்படிப்பட்டதல்ல. துணி உறைக்குள் உலோக வலை இருக்கிறது, முறையாக மூடியிருந்தால் கை போகாது. ஆனால் மூன்று வயதுப் பையன் கையில் குடைக்கம்பியோ ஊசியோ கிடைத்தால், துளை உள்ள எதிலும் விட்டுப் பார்ப்பான். பழைய ஜோடியில் அந்த வலை வளையாமல், விலகாமல் இருக்கிறதா என்று நீங்களே பார்க்க வேண்டும். உறையை நீங்களாகக் கழற்ற வேண்டாம். பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ளே மின்னேற்றம் கொஞ்ச நேரம் நிற்கும்.

அதைவிட அன்றாட ஆபத்து, ஹாலின் நடுவில் நிற்கும் கிட்டத்தட்ட 19 கிலோ பலகை. ஒவ்வொன்றுக்கும் தனியாகக் கரண்ட் வேண்டும் என்பதை நீங்கள் கவனித்தீர்களா தெரியவில்லை. தரையில் இரண்டு பவர் வயர், இரண்டு ஸ்பீக்கர் வயர். அதில் ஓடும் பையன்.

நான் என்ன செய்வேன்

இப்போதுள்ள திட்டப்படி, அந்த ஹாலுக்கு, நான் வாங்க மாட்டேன். இது ஸ்பீக்கரின் மேல் குறை சொல்வதல்ல. அண்ணா நகரில், கதவடைத்த பெரிய அறையில், தனியாக உட்கார்ந்து கேட்கிறவரிடம் அது சரியான இடத்தில் இருந்தது.

ஆனாலும் தூக்கம் வராமல் தவித்த மனிதரிடம் "வேண்டாம்" என்று ஒரு வார்த்தையில் முடிக்கவும் எனக்கு மனசில்லை. அதனால் காசு செலவில்லாத ஒரு சோதனை சொல்கிறேன். ஃபிரிட்ஜ் வந்த மாதிரிப் பெரிய அட்டைப்பெட்டி இரண்டை 66-க்கு 92 சென்டிமீட்டர் அளவில், 27 சென்டிமீட்டர் ஆழத்தில் வெட்டி ஒட்டி, சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். தரையில் வயருக்குப் பதில் இரண்டு கயிறு. சோபாவை முன்னால் இழுங்கள். பால்கனிக் கதவைச் சாத்துங்கள். பத்து நாள் அப்படியே வாழ்ந்து பாருங்கள். வீட்டில் எல்லோருக்கும் அது பழகிவிட்டால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். மூன்றாம் நாளே அட்டை ஒரு மூலைக்குப் போய்விட்டால், ஒன்றரை லட்சம் மிச்சம்.

அடுத்த கட்டம் என்றால், நண்பர் வீட்டில் இன்னொரு தடவை, இந்தத் தடவை சந்தேகத்தோடு கேட்பது. முடிந்தால் மழை பெய்த மறுநாள் போங்கள். ஸ்பீக்கர் குறைந்தது ஒரு நாள் முழுக்க பிளக்கில் இருக்கட்டும், மின்னேற நேரம் வேண்டும். முதலில் பாட்டே இல்லாமல், ஒவ்வொரு பலகைக்கும் பக்கத்தில் காதை வைத்து டிக் சத்தமோ இரைச்சலோ வருகிறதா என்று கேளுங்கள். அப்புறம் இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி வரும் மோனோ பதிவு ஒன்றை மெதுவாகப் போட்டு நடுவில் உட்காருங்கள். குரல் நட்ட நடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் ஸ்பீக்கர் வயர்களை இடம் மாற்றிப் பாருங்கள். சாய்வு வயரோடு போகாமல் அதே ஸ்பீக்கர் பக்கமே நின்றால், எதிர்ப்பக்கத்து ஸ்பீக்கரின் பலகை சோர்ந்துவிட்டது. தூசித் திரையின் ஓரங்களைக் கைவிளக்கு அடித்துப் பாருங்கள். அரை மணி நேரம் மிருதங்கத் தனி ஆவர்த்தனம் ஓட்டி, தொப்பி விழும்போது எங்காவது தகடு அதிர்கிற சத்தம் வருகிறதா என்று கவனியுங்கள். இதில் எது தட்டுப்பட்டாலும், பலகையைப் புதுப்பிக்கும் செலவைக் கழித்து விலை பேசுங்கள், அல்லது வணக்கம் சொல்லிவிட்டு வாருங்கள்.

ஒரு கிறுக்கு யோசனையும் இருக்கிறது. உங்கள் சேகரிப்பில் பெரும்பகுதி வானொலிக் கச்சேரிகளும் பழைய கேசட்டுகளும் என்கிறீர்கள். அவை பெரும்பாலும் மோனோ. மோனோவுக்கு இரண்டு ஸ்பீக்கர் எதற்கு? குவாட்டின் முதல் எலக்ட்ரோஸ்டாட்டிக் 1957-இல் விற்பனைக்கு வந்தபோது ஸ்டீரியோ இசைத்தட்டே கடைக்கு வரவில்லை; ஜனங்கள் ஒன்றே ஒன்றை வாங்கி வீட்டில் வைத்துத்தான் மயங்கினார்கள். உங்கள் ஏசி படுக்கையறையில் ஒன்றை மட்டும் மூலைக்குக் குறுக்காக, சுவரிலிருந்து தள்ளி நிறுத்தி, எதிரில் ஒரு நாற்காலி போட்டால், இருக்கைத் தகராறு பாதி தீர்ந்தது, ஹாலும் தப்பித்தது. இன்னொன்று உதிரிப்பாகம். நான் இருந்தால் இதைத்தான் செய்து பார்ப்பேன். என் வீட்டில் அனுமதி கிடைக்குமா என்பது வேறு கேள்வி. ஆனால் ஒன்று: பழைய கேசட்டின் இரைச்சலையும் இது அப்படியே, ஒளிவுமறைவில்லாமல் கொண்டுவரும்.

உங்களுக்குத் தம்புராதான் வேண்டும் என்றால் வேறு வழிகளும் உண்டு. ஜப்பானின் ஸ்டாக்ஸ் நிறுவனம் 1960-லிருந்து எலக்ட்ரோஸ்டாட்டிக் ஹெட்ஃபோன் செய்கிறது. அதன் இப்போதைய மாடல்களில் படலத்துக்கு 580 வோல்ட். சுவர், இருக்கை, சாப்பாட்டு மேஜை எந்தத் தகராறும் இல்லை. கேட்டு முடித்ததும் உறையில் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிவைக்கலாம். அதற்கென்று தனி ஆம்ப்ளிஃபையர் வேண்டும் என்பதை மட்டும் கணக்கில் சேருங்கள். அமெரிக்காவின் மேக்னபான் ஸ்பீக்கர்களும் படலம்தான், ஆனால் காந்தத்தால் ஓடுபவை. உயர் மின்னழுத்தமோ கரண்ட் பிளக்கோ கிடையாது. கடல்காற்றை அவை இதைவிட நன்றாகத் தாங்கும். பின்னாலும் ஒலிப்பதால் சுவர்த் தூரம் அவற்றுக்கும் வேண்டும். ஹாலில் எல்லோரும் கேட்க வேண்டும் என்பதே முக்கியமென்றால், அதே பணத்தில் நல்ல பெட்டி ஸ்பீக்கர் ஒரு ஜோடி வாங்குங்கள். தம்புரா கொஞ்சம் பின்னால் போகும்.

எல்லாம் பார்த்து, கேட்டு, வாங்கத்தான் போகிறேன் என்றால், எடுத்துவரும் நாளைப் பற்றி ஒரு வார்த்தை. மத்தியான வெயிலில் வேண்டாம், சாயங்காலம் கொண்டுவாருங்கள். படுக்கவைக்காமல், நிற்கிற வாக்கிலேயே, முன்னும் பின்னும் போர்வை கொடுத்துக் கட்டுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஆசையில் உடனே பிளக்கைச் சொருகாதீர்கள். ஏசி அறையில் ஒரு நாள் முழுக்கச் சும்மா நிற்கட்டும். மறுநாள் பிளக்கைக் கொடுத்து, இன்னும் சில மணி நேரம் விட்டு, அதன் பிறகு அந்த வீணைப் பதிவைப் போடுங்கள்.